மூன்று வருடமாக இடுப்பில் இருக்கும் துப்பாக்கி: எதை வாங்கினேன், எதைத் தூக்கிப் போட்டேன்

ஹூஸ்டனின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ராத்திரி ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டி, கல்லாவை எண்ணி, பணப்பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகக் காருக்கு நடப்பது வாரத்தில் நான்கு நாள் நான்தான். என் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பார். பின்பக்கம் ஒரே ஒரு விளக்கு, அதுவும் பாதி நாள் எரியாது. பக்கத்துக் கடைக்காரரை அந்த இடத்தில் வைத்து அடித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் நானும் துப்பாக்கி வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அதற்கப்புறம் இந்த மூன்று வருடத்தில் இரண்டு துப்பாக்கி, ஐந்து உறை, மூன்று பெல்ட், எண்ண முடியாத அளவு தோட்டா என்று செலவழித்திருக்கிறேன். தமிழில் இதைப் பற்றி யாரும் விவரமாக எழுதி நான் பார்க்கவில்லை. இங்கே இருக்கும் நம் ஆட்கள், அதிலும் பெண்கள், என்னிடம் தனியாக வந்து கேட்கிறார்கள். அதனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் யார் வாங்கலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் பெரிய வம்பில் மாட்டிக்கொள்வார்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்கிவிடாதீர்கள், விசாவே போய்விடும். கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள், அதில் குடியுரிமை நிலையும் கேட்பார்கள், துப்பாக்கி உனக்கேதானா என்றும் கேட்பார்கள். தம்பி ஹெச்1பி, அவனால் வாங்க முடியாது, நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருக்குமே குற்ற வழக்கு. இதை நான் மூன்று பேரிடமாவது சொல்லித் தடுத்திருக்கிறேன்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்படியிருந்தும் நான் போய் உரிமம் எடுத்தேன், எல்லோரையும் எடுக்கச் சொல்கிறேன். கட்டணம் 40 டாலர். வகுப்பு நான்கு மணியிலிருந்து ஆறு மணி நேரம். வேறு பல மாநிலங்களில் அந்த அட்டை செல்லும், அடுத்த துப்பாக்கி வாங்கும்போது பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். உரிமம் இல்லாதவர்கள் துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று வாசலில் வைக்கும் 30.05 பலகையும் உங்களைக் கட்டுப்படுத்தாது. இதையெல்லாம் விட, அந்த வகுப்பில் எங்கே சுடலாம் என்பதை விட எங்கே சுடக்கூடாது என்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார் எங்கள் வாத்தியார், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பையைப் பிடுங்கிக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணி நேரத்துக்கே 40 டாலர் தகும். கடைசியில் 50 தோட்டா சுட வேண்டும்: மூன்று கஜத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன்.

நான் முதலில் வாங்கியது தப்பான துப்பாக்கி. கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெண்களுக்கு இதுதான் சரியாக இருக்கும், சின்னது, லேசானது, துணியில் மாட்டிக்கொள்ளவே மாட்டாது என்று ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். அலுமினிய உடல், ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல், எடை அரைக் கிலோவுக்கும் நன்றாகக் குறைவு. கையில் வாங்கிப் பார்த்தால் பொம்மை மாதிரி அழகாக இருந்தது. ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், பத்தாவது தோட்டா சுடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை சிவந்து வீங்கிவிட்டது. ட்ரிகரோ ஒவ்வொரு முறையும் நீளமாக, கனமாக இழுக்க வேண்டும், இழுக்கும்போதே கை ஆடி குறி தப்பும். வலிக்கும் துப்பாக்கியை யாரும் பழக மாட்டார்கள், நானும் பழகவில்லை, ஆறு மாதம் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ரிவால்வரைக் குறை சொல்லவில்லை, நன்றாகத் தேர்ந்தவர்கள் கையில் அது அருமையான கருவி. ஆனால் புதிதாகப் பழகுகிற ஒருத்தர் கையில் கொடுக்கிற கருவி அது இல்லை.

இரண்டாவது முறை யார் பேச்சையும் கேட்கவில்லை. துப்பாக்கி வாடகைக்குக் கொடுக்கும் ரேஞ்சுக்கு நான்கு சனிக்கிழமை போய், ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்தேன். எல்லாம் 9 மில்லிமீட்டர், ஒன்றைத் தவிர. என் கை சின்னது, கையுறை வாங்கினால் ஸ்மால் சைஸ், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குளோக் 19 சுடுவதற்கு மிக எளிது. 15 தோட்டா, நான்கு அங்குலக் குழல், உதை மென்மை. 1988ல் வந்த துப்பாக்கி இன்றும் இந்த அளவுக்கு விற்கிறது என்றால் காரணம் இருக்கிறது. ஆனால் என் உடம்புக்கு அது தடிமன். குர்த்திக்குள் வைத்தால் பிடி துருத்திக்கொண்டு நிற்கும், ஜாக்கெட் போடும் குளிர்காலம் ஹூஸ்டனில் எத்தனை நாள்? உயரமான ஆண்களுக்கு, கொஞ்சம் தொளதொள சட்டை போடுகிறவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். அதே குளோக்கின் 43எக்ஸ் மெலிந்த உடல், பத்துத் தோட்டா, பிடி முழுக் கைக்கும் போதும். ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் பிளஸ், ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஹெல்கேட் இரண்டும் கிட்டத்தட்ட அதே வகை. ஷீல்ட் பிளஸின் ட்ரிகர் விரலுக்கு இதமாக இருந்தது, ஹெல்கேட் அந்தச் சின்ன உடம்புக்குள் 11 தோட்டா வைத்திருக்கிறது, ஆனால் அதன் உதை எனக்குக் கொஞ்சம் துள்ளலாகப் பட்டது. ரூகர் எல்சிபி மேக்ஸ் மட்டும் .380 என்ற சற்றுச் சின்னத் தோட்டா, முந்நூறு கிராம்தான், பாவாடைப் பாக்கெட்டில் கூடப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சுடும்போது என் பழைய ரிவால்வர் ஞாபகம் வந்துவிட்டது, இறக்கி வைத்துவிட்டேன்.

கடைசியில் எடுத்தது சிக் ஸாவர் பி365 எக்ஸ்எல். 2018க்கு முன்னால் மெலிந்த துப்பாக்கி வேண்டுமென்றால் ஆறு, ஏழு தோட்டாவோடு திருப்திப்பட வேண்டும், அதிகம் வேண்டுமென்றால் தடிமனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் வந்த பி365 மேகசினுக்குள் தோட்டாக்களை ஒன்றரை வரிசை மாதிரி நெருக்கி அடுக்கி, ஓர் அங்குல அகலத்துக்குள் பத்துத் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் மற்ற கம்பெனிகள் எல்லாம் அதே வழியில் வந்தன. மேலே சொன்ன ஹெல்கேட் 2019, ஷீல்ட் பிளஸ் 2021. எக்ஸ்எல் என்பது அதன் கொஞ்சம் நீண்ட வடிவம்: 12 தோட்டா, 3.7 அங்குலக் குழல், காலி எடை அறுநூறு கிராமுக்குச் சற்றுக் கீழே. சின்ன பி365ல் என் சுண்டுவிரலுக்கே இடம் போதவில்லை, எக்ஸ்எல்லில் மூன்று விரலும் பதிந்து உட்காருகிறது. அந்த ஒரு விரல் பதிவதால் ஏழு கஜத்தில் என் குறி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது, விளம்பரத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பார்வைக் குறியில் ட்ரிட்டியம் இருப்பதால் இருட்டில் பச்சையாகத் தெரியும். சீரியல் நம்பர் உள்ளே இருக்கும் ட்ரிகர் தொகுதியில்தான், அதனால் பிடி தேய்ந்தாலோ வேறு அளவு வேண்டுமென்றாலோ பிடியை மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நான் கொடுத்தது வரியோடு 600 டாலருக்குப் பக்கத்தில். இதுவரை ஏறக்குறைய 2,800 தோட்டா போயிருக்கிறது, முதல் பெட்டியில் இரண்டு முறை திணறியது, அதுவும் நான் மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்ததால் என்று வாத்தியார் காட்டிக்கொடுத்தார். பிடியைச் சரி செய்ததும் நின்றுவிட்டது.

குறை? ஸ்லைடு, அதாவது தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகம், இறுக்கம். புதிதில் என்னால் பின்னால் இழுக்கவே முடியவில்லை. இதற்காகவே பல பெண்கள் ரிவால்வருக்குப் போய்விடுகிறார்கள், ஆனால் இது பலத்தை விடப் பழக்கத்தைப் பொறுத்தது. துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், குழல் எப்போதும் எதிரே இலக்குப் பக்கம்தான், பக்கவாட்டில் திரும்பவே கூடாது. இடது உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து கவ்விப் பிடித்து, அந்தக் கையை அசைக்காமல், வலது கையால் பிடியை முன்னால் குத்துவது போலத் தள்ளுங்கள். தேங்காய் துருவும்போது உடம்பு எடையைக் கொடுக்கிறோம் இல்லையா, அந்த மாதிரிதான், விரல் பலத்தில் இழுக்கப் பார்த்தால் வராது. எனக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. மூட்டுவலி இருப்பவர்கள், வயதானவர்கள், இதிலும் முடியவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஸெட் பாருங்கள். ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வரும், பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்பு விசை, அதை அழுத்திப் பிடித்தால்தான் சுடும். 8 தோட்டாதான், கொஞ்சம் பெரிசு, ஆனால் இழுக்க முடியாத 12 தோட்டாவை விட இழுக்க முடிந்த 8 எவ்வளவோ மேல்.

இப்போது உறை. ஹோல்ஸ்டர் என்று கடையில் கேட்கும் இந்தச் சாமானைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

துப்பாக்கிக்கு 600 டாலர் கொடுத்துவிட்டு உறைக்கு 15 டாலர் கொடுத்தேன். நெட்டில் வாங்கியது, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று போட்டிருந்த துணி உறை, எலாஸ்டிக் பட்டை வைத்தது. போட்டுக்கொள்ள மெத்தென்று இருக்கும். ஒரு மாதம் ஆனதும் துணி தொய்ந்து, துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து கழற்றி மேசை மேல் வைத்தபோது பார்த்தேன், உறை வாயின் ஓரத்துணி மடிந்து, ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்து, ட்ரிகர் மேலேயே உட்கார்ந்திருந்தது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா. காலையிலிருந்து அப்படியேதான் அடிவயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு அரிசி மூட்டை இறக்கியிருக்கிறேன், குனிந்து நிமிர்ந்திருக்கிறேன், காரில் சீட் பெல்ட் போட்டிருக்கிறேன். கை நடுங்க மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, துணியை வெளியே இழுத்தேன். அந்த உறையை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று கத்தரியால் வெட்டித்தான் குப்பையில் போட்டேன்.

அதனால் கேளுங்கள். இந்தக் காலத்து ஸ்ட்ரைக்கர் வகைத் (வெளியே சுத்தியல் இல்லாத) துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே பாதுகாப்பு விசை கிடையாது, அல்லது இருந்தாலும் பலர் இல்லாத மாடலை எடுக்கிறார்கள். ட்ரிகரை எதுவும் தொடாமல் காப்பது உறைதான். அப்படியென்றால் உறை என்பது அலங்காரச் சாமான் இல்லை, துப்பாக்கியின் ஒரு பாகம். கைடெக்ஸ் என்று ஒரு கெட்டி பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. சூடாக்கி, குறிப்பிட்ட துப்பாக்கியின் அச்சில் அழுத்தி, ஆற வைத்துச் செய்வார்கள். ட்ரிகர் வளையம் முழுவதும் மூடியிருக்க வேண்டும், விரலால் வெளியிலிருந்து அழுத்தினாலும் ட்ரிகர் அசையக் கூடாது, துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும், உள்ளே தள்ளும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை: காலித் துப்பாக்கியை உறையில் போட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் இப்போது போட்டிருப்பது 90 டாலர், எக்ஸ்எல்லுக்கென்றே செய்தது. பெல்ட்டின் உள்பக்கம் முட்டி, பிடியை உடம்போடு சேர்த்து அழுத்தும் ஒரு சின்னக் கொக்கி அதில் இருக்கிறது, கிளா என்பார்கள். உடம்புப் பக்கம் ஒட்டுகிற நுரைத் திண்டு ஒன்றும் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்தால், மெல்லிய பருத்திக் குர்த்திக்குள் கூடத் துருத்தல் தெரிவதில்லை. மறைப்பது துப்பாக்கியின் அளவால் மட்டும் என்று நினைத்திருந்தேன், பாதி வேலை இந்தக் கொக்கியுடையது.

எங்கே வைப்பது என்பதற்கு ஆளுக்கு ஆள் பதில் மாறும். நான் முன்பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் வலதாக வைக்கிறேன். கூட்டத்தில் யாரும் பின்னாலிருந்து கை வைக்க முடியாது, உட்கார்ந்தாலும் எட்டும். ஆனால் குழல் நம் தொடைப் பக்கமே பார்க்கிறது, அதனால் திரும்ப உறையில் போடும்போது அவசரமே கூடாது: சட்டையை இடது கையால் நெஞ்சுவரை தூக்கி, இடுப்பைச் சற்று முன்னால் தள்ளி, கண்ணால் பார்த்தபடி, மெதுவாக. தடங்கினால் நிறுத்து. முதுகுப்புறம் இடுப்பெலும்புக்குப் பின்னால் வைப்பது பலருக்கு வசதி, என்னால் கார் ஓட்ட முடியவில்லை.

பெண்கள் கேட்கும் கேள்வி சுடிதாருக்குப் பெல்ட் ஏது என்பதுதான். நாடா வைத்த பேன்ட்டில் உறையைச் சொருகினால் பேன்ட்டே இறங்கிவிடும். இதற்கு பிஹெச்எல்ஸ்டர் எனிக்மா என்று ஒன்று இருக்கிறது, உறையைத் தாங்கும் தட்டையான சட்டமும் அதற்கென்றே ஒரு மெல்லிய பட்டையும், உடைக்கு உள்ளே உடம்போடு கட்டிக்கொள்வது. அதற்குப் பொருந்தும் கைடெக்ஸ் உறை அதில் ஏறும். முதல் தடவை அளவு சரி செய்ய ஒரு முழு மாலை எடுத்தது, அதற்கப்புறம் நான் சுடிதாரோடு கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். புடவை கட்டும் நாளில் எடுத்துப் போவதில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் நாள் அது, பெட்டியில் பூட்டிவிட்டுப் போகிறேன்.

கைப்பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். தனி அறை வைத்த பைகள் அழகாக விற்கிறார்கள், வேண்டாம். பையைக் கீழே வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம், பிள்ளை சாக்லேட் தேடிக் கை விடும், திருடன் முதலில் பிடுங்குவதும் பையைத்தான். 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோவின் ஹேடன் ஊரில், கடைக்குள் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டது, அது வெடித்து அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார். உரிமம் வைத்திருந்தவர், பழகியவர். என் சின்னவனுக்கு அப்போது முதல் பிறந்தநாள் கூட வரவில்லை, அந்தச் செய்தியை நான் இன்னும் மறக்கவில்லை.

பெல்ட் பற்றி இரண்டு வரி போதும். சாதாரணத் தோல் பெல்ட் துப்பாக்கி எடைக்கு வளைந்து, மாலைக்குள் உறை வெளியே சாயும். உள்ளே கெட்டிப் பட்டி வைத்து, அரை அங்குலம் கால் அங்குலமாக இறுக்கித் தளர்த்தக்கூடிய பெல்ட் 60 டாலருக்கு வரும். சாப்பாட்டுக்குப் பிறகு தளர்த்திக்கொள்ள முடிவது பெரிய விஷயம்.

தோட்டாவுக்கு வருவோம். பழகுவதற்கு ஃபுல் மெட்டல் ஜாக்கெட், முனை உருண்டையாகச் செம்பு மூடியது, ஐம்பது கொண்ட பெட்டி 15 டாலருக்குப் பக்கத்தில் கிடைக்கும். இடுப்பில் வைப்பதற்கு ஹாலோ பாயின்ட், முனையில் குழி உள்ளது. பேரைக் கேட்டு நம் ஆட்கள் பயப்படுகிறார்கள், ஆனால் பொறுப்பானது இதுதான்: உடம்புக்குள் விரிந்து நின்றுவிடுவதற்காகச் செய்தது, உருண்டை முனை துளைத்து வெளியே போய்ப் பின்னால் நிற்கும் வேறு யாரையாவது தாக்கலாம். எந்த பிராண்டு என்பதற்கு எனக்கு வழிகாட்டியாக இருந்தது எஃப்பிஐ சோதனை. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ ஏஜென்ட்கள் இறந்த பிறகு, தோட்டா எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அவர்கள் முறையாக ஆராய ஆரம்பித்தார்கள். ஜெல்லியில், துணியும் மரமும் கண்ணாடியும் குறுக்கே வைத்துச் சுட்டு, 12 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் என்பது அளவு. அந்தச் சண்டைக்குப் பிறகு 10 மில்லிமீட்டர், .40 என்று பெரிய தோட்டாக்களுக்குப் போன அதே எஃப்பிஐ, புதிய 9 மில்லிமீட்டர் தோட்டாக்கள் நன்றாக வந்ததும் திரும்ப 9க்கே வந்துவிட்டது. எனவே .45தான் ஆம்பளைத் தோட்டா என்று ரேஞ்சில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். ஃபெடரல் ஹெச்எஸ்டி 124 கிரெய்ன் (குண்டின் எடை), ஸ்பியர் கோல்ட் டாட் 124 கிரெய்ன் இரண்டையும் என் துப்பாக்கியில் நூறு நூறு சுட்டேன், ஒன்று கூடச் சிக்கவில்லை. ஹெச்எஸ்டியை வைத்துக்கொண்டேன், காரணம் ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி எனக்குக் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது, வேறொன்றுமில்லை. நியூ ஜெர்சி பக்கம் போகிறவர்கள் ஹாலோ பாயின்டுக்கு அங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, தற்செயலாகக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் தினமும் சேம்பரைக் காலி செய்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அதைப் பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் மேசையில் நிற்க வைத்தால், கண்ணுக்கே தெரிந்தது, பழையது ஒரு நகக்கண் அளவு குட்டை. ஒவ்வொரு முறை ஸ்லைடு அடிக்கும்போதும் முனையில் இருக்கும் குண்டு தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுகிறது. உள்ளே இடம் குறைந்தால் மருந்து எரியும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம், துப்பாக்கியே சிதறலாம். அன்றிலிருந்து துப்பாக்கியை உறையோடு சேர்த்துக் கழற்றி அப்படியே பெட்டியில் பூட்டுகிறேன், தேவையில்லாமல் காலி செய்து ஏற்றுவதில்லை. காலி செய்ய நேர்ந்தால் அந்தத் தோட்டாவில் மார்க்கரால் ஒரு கோடு, இரண்டாவது கோடு விழுந்தால் அது ஒதுக்கிவிட வேண்டிய தோட்டா. குட்டையானது தெரிந்தால் சுடவே மாட்டேன், ரேஞ்சில் அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட்டுவிடுவேன்.

மற்ற சாமான்களில் நான் முதலில் வாங்கச் சொல்வது டூர்னிகெட், ரத்தம் கொட்டும் கையையோ காலையோ இறுக்கிக் கட்டும் பட்டை, சிஏடி என்று கேளுங்கள், 30 டாலர். போலி நிறைய வருகிறது, நம்பகமான மருத்துவச் சாமான் கடையிலேயே வாங்குங்கள். ரத்தக் கசிவை நிறுத்தச் சொல்லித்தரும் ஸ்டாப் த பிளீட் வகுப்புகள் பல ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன, ஒரு சாயங்காலம் போதும். கடையில் பெட்டி பிரிக்கும் கத்தி ஒரு பையனின் கையில் ஆழமாக இறங்கியபோது நான் ஓடி எடுத்தது அதைத்தான், துப்பாக்கியை இந்த மூன்று வருடத்தில் ஒரு முறை கூட வெளியே எடுத்ததில்லை, எடுக்கும்படி வராமல் இருக்கட்டும் என்றுதான் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். அடுத்தது கைவிளக்கு. துப்பாக்கியில் மாட்டும் விளக்கை விட இதுதான் முக்கியம், பின்கதவில் சத்தம் கேட்டால் யாரென்று பார்ப்பதற்காகத் துப்பாக்கியை நீட்டக் கூடாது, அங்கே நிற்பது குப்பை எடுக்க வந்தவராக இருக்கலாம். மிளகு ஸ்ப்ரே ஒன்று சாவிக்கொத்தில். ரேஞ்சுக்கு எலக்ட்ரானிக் காது மூடி, வெடிச்சத்தத்தை அடைத்துப் பேச்சை உள்ளே விடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பாதிப் பயம் சத்தத்தால்தான். ரெட் டாட், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, ஒரு வருடம் கழித்துப் போட்டேன், நாற்பது வயதுக் கண்ணுக்கு நல்லது, ஆனால் முதல் நாளே வேண்டாம். புள்ளியைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் பிடியைக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் நான்கு பொத்தான் அழுத்தினால் திறக்கும் இரும்புப் பெட்டி, தரையோடு போல்ட் போட்டது. பிள்ளை இருக்கும் வீட்டில் இது இல்லாமல் துப்பாக்கி நுழையவே கூடாது. டெக்சாஸ் சட்டத்தில், கவனமில்லாமல் வைத்து, சுடத் தயாரான துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் கிடைத்துவிட்டால் அதுவே குற்றம். வீட்டில் யாராவது மனசு உடைந்து கிடக்கிறார்கள் என்றால், பெட்டியும் போதாது, அந்தக் காலம் முடியும்வரை துப்பாக்கியை வீட்டை விட்டே வெளியே கொடுத்து வையுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

காருக்குள்ளும் ஒரு சின்னப் பெட்டி, இரும்புக் கயிற்றால் சீட்டுக்கடியில் கட்டியது. தபால் நிலையம், பள்ளிக்கூடம், வாசலில் சிவப்பில் 51 சதவீதம் (வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து) என்று பலகை வைத்த பார், உரிமம் உள்ளவர்களும் மறைத்து எடுத்து வரக் கூடாது என்னும் 30.06 பலகை போட்ட இடம், இங்கெல்லாம் நுழையும் முன்னால் அங்கே போய்விட வேண்டும். தபால் நிலையத்துக்கு அதன் கார் நிறுத்தத்துக்குள்ளேயே கொண்டுபோவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். துப்பாக்கி 600, உறை 90, எனிக்மா தனியாக, பெல்ட் 60, இரண்டு பெட்டிகளும் சேர்ந்து 250, அப்புறம் மாதம் நூறு தோட்டா, ரேஞ்சு கட்டணத்தோடு 50 டாலர் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். கையில் 700 டாலர்தான் இருக்கிறது என்றால் துப்பாக்கியை மலிவாக எடுங்கள், பழைய போலீஸ் குளோக் கூட நன்றாகச் சுடும், உறையிலும் பெட்டியிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிடம் வீட்டிலேயே காலித் துப்பாக்கியில் பழகலாம், தோட்டா எல்லாம் வேறு அறையில், கதவு சாத்தி. செலவே இல்லை. என் குறி திருந்தியது அதில்தான். மாதம் ஒரு முறை உறையின் திருகாணிகளையும் பாருங்கள், உடம்பு அசைவில் தானாகத் தளரும். நான் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். முன்பக்கம் வைப்பதால் துணித்தூசி குழலுக்குள் போய் அடையும், பஞ்சுக் குச்சியால் துடைத்தால் எவ்வளவு வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவை ரேஞ்சுக்குக் கூட்டிப் போனேன். விரல் மூட்டு வலி உள்ளவர், எக்ஸ்எல் அவருக்கு இழுக்க வரவில்லை, ஷீல்ட் ஈஸெட் மூன்றாவது முறையிலேயே வந்துவிட்டது, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு. பிடித்திருக்கிறது, ஆனால் வீட்டில் பதினாலு வயதுப் பையன் இருக்கிறான், பெட்டியைத் தரையோடு போல்ட் போட ஆள் அடுத்த வாரம்தான் வருகிறார், அதுவரை துப்பாக்கி கடையிலேயே இருக்கட்டும் என்று முன்பணம் மட்டும் கட்டிவிட்டு வந்தார். உறையை மட்டும் இப்போதே ஆர்டர் போட்டாயிற்று, செய்து அனுப்ப மூன்று வாரம் ஆகுமாம்.